தாயைத் தொடும் கைகள்

இடுப்பு வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு பெண்ணை, குழந்தை பிறந்து வார்டுக்கு மாற்றும்வரை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் கைத்தாங்கலாக இறக்கும் பணியாளர், ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ், குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடும் இன்னொரு நர்ஸ், கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உள்பரிசோதனை செய்யும் மருத்துவர், அடுத்த ஷிஃப்டில் வந்து அதையே மறுபடி பார்க்கும் வேறொரு மருத்துவர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் கற்றுக்கொள்ள வந்த மாணவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பிறகு குழந்தையை ஏந்தும் கை, தொப்புள்கொடியை நறுக்கும் கை, தையல் போடும் கை, உடம்பைத் துடைத்துவிடும் ஆயாவின் கை. இவற்றில் ஒரு கையைக்கூட அந்தப் பெண்ணால் சோதித்துப் பார்க்க முடியாது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர், தன்னை நோக்கி வருகிற கை இதற்கு முன் எதைத் தொட்டது என்று கேட்கும் நிலையில் இல்லை.

நம் கொள்ளுப்பாட்டி காலத்தில் மருத்துவச்சியின் இரண்டு கைகள்தான். அவை சுத்தமாக இருந்தன என்று ஏங்குவதற்கு ஒன்றுமில்லை. தொப்புள்கொடியை அறுத்த அரிவாளும் அதன்மேல் அப்பிய சாம்பலும் எத்தனையோ பச்சிளம் சிசுக்களை டெட்டனஸுக்குப் பறிகொடுக்க வைத்தன. அந்தச் சாவிலிருந்து மீட்கத்தான் அரசு பெண்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்தது. அவர்களும் வந்தார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2005-06இல் இந்தியாவில் 38.7 சதவீதப் பிரசவங்களே மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21இல் அது 88.6 சதவீதம். தமிழ்நாட்டில் 99.6 சதவீதம். தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டது. யாரும் குறைத்துப் பேச முடியாத சாதனை இது. ஆனால், இதோடு சேர்ந்து ஒரு கடனும் வந்திருக்கிறது. வீட்டில் பெறாதே, எங்களிடம் வா என்று அழைத்த பிறகு, வந்த இடத்தில் தொற்று ஒட்டிக்கொண்டால் அதற்கு அந்தப் பெண்ணோ அவர் குடும்பமோ பொறுப்பல்ல. அழைத்தவர்களே பொறுப்பு.

வியன்னாவின் இரண்டு வார்டுகள்

ஆஸ்பத்திரிக்கு வந்ததாலேயே தாய்மார்கள் செத்த காலம் ஒன்று உண்டு. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது பிரிவில் மருத்துவச்சிகள். ஒரு நாள் இந்தப் பிரிவு, மறுநாள் அந்தப் பிரிவு என்று மாற்றி மாற்றி ஆள் சேர்ப்பார்கள். 1846ஆம் ஆண்டில் முதல் பிரிவில் பிரசவித்த 4,010 பேரில் 459 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 11 பேருக்கும் மேல். இரண்டாவது பிரிவில் 3,754 பேரில் 105 பேர், அதாவது நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. காரணம் பிரசவ ஜன்னி என்றார்கள். இந்த வித்தியாசம் ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் பிரிவின் முறை நாளில் வந்து சேர்ந்த ஏழைப் பெண்கள், அங்கே அனுப்ப வேண்டாம் என்று மண்டியிட்டு அழுதார்கள். வரும் வழியில் தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த ஜன்னி அரிதாகவே வந்தது.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய இளம் மருத்துவர் அந்த முதல் பிரிவில் உதவியாளராக இருந்தார். நெரிசல் காரணமா? இரண்டாவது பிரிவில்தான் நெரிசல் அதிகம். காற்றா, சாப்பாடா? இரண்டு இடத்திலும் ஒன்றே. சாகிறவர்களுக்காக மணி அடித்துக்கொண்டு வரும் பாதிரியாரைக் கண்டு பயந்து சாகிறார்களோ என்றுகூட யோசித்து, அவரை வேறு வழியாக வரச் செய்து பார்த்தார். எதுவும் மாறவில்லை. 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் யாக்கோப் கொல்லெட்ச்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி விரலில் பட்டிருந்தது. கொல்லெட்ச்காவின் உடலைத் திறந்து பார்த்தபோது, ஜன்னியில் இறந்த தாய்மார்களின் உடலில் இருந்த அதே சீழ், அதே வீக்கம். செம்மல்வைஸுக்குப் புரிந்துவிட்டது. காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் படித்த கைகள்தான், அடுத்த மணியில் பிரசவ வார்டுக்குப் போய் உள்பரிசோதனை செய்தன. மருத்துவச்சிகள் பிணவறைக்குப் போவதில்லை.

மே மாத நடுவில், வார்டுக்குள் நுழையும் எல்லோரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். விரைவிலேயே அதற்குச் சுண்ணாம்புக் குளோரைடைப் பயன்படுத்தினார்கள். நம் ஊரில் கிணற்றில் போடுகிறோமே அந்த ப்ளீச்சிங் பவுடர்தான். ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2.2, ஜூலையில் 1.2. அடுத்த ஆண்டு முழுவதும் சேர்த்து 1.27 சதவீதம். மருத்துவச்சிகளின் பிரிவுக்குச் சமமாகிவிட்டது.

பொதுவாக இந்தக் கதையை இத்தோடு முடித்துவிடுவார்கள். ஆனால், 1847 அக்டோபரில் நடந்ததுதான் இன்றைய பிரசவ அறைக்கு இன்னும் நெருக்கமானது என்று எனக்குப் படுகிறது. கர்ப்பப்பையில் புற்று முற்றிச் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை முதல் கட்டிலில் சேர்த்தார்கள். மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்துவிட்டு, இடையில் சோப்பால் மட்டும் கை கழுவிக்கொண்டு, அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். அவருடன் பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிணத்தைத் தொட்ட கை மட்டுமல்ல, உயிரோடு இருக்கும் நோயாளியைத் தொட்ட கையும் கொல்லும் என்று செம்மல்வைஸுக்குத் தெரிந்தது அன்றுதான். வார்டுக்குள் நுழையும்போது ஒருமுறை கழுவினால் போதாது, ஒவ்வொரு பெண்ணையும் தொடுவதற்கு முன் கழுவ வேண்டும் என்று விதி மாறியது.

அந்த விதியை ஏற்றவர்கள் குறைவு. 1849இல் செம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1861இல் புத்தகம் எழுதினார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று கடிதங்களில் ஏசினார். 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில், காயத்தில் சீழ் பிடித்து, 47 வயதில் இறந்தார். அவருக்கும் முன்பே, 1795இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் கார்டன், இந்த ஜன்னியை மருத்துவர்களும் மருத்துவச்சிகளும்தான் சுமந்து பரப்புகிறார்கள், நானும் பரப்பியிருக்கிறேன் என்று எழுதினார். ஊர் அவரைப் பகைத்தது. 1843இல் அமெரிக்காவில் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் சொன்னதும் பேராசிரியர்களின் கோபத்தைத்தான் சம்பாதித்தது. இந்த நோயில் காணப்படும் சங்கிலிக் கிருமியை லூயி பாஸ்டர் பாரிஸில் கரும்பலகையில் வரைந்து காட்டியது 1879இல்.

இவர்கள் சொன்னதை ஏன் ஏற்கவில்லை? அறிவு போதாமல் அல்ல. ஏற்றுக்கொண்டால், இதுவரை இறந்த பெண்களைக் கொன்றது தன் கைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது தாங்க முடியாத பாரம். அந்தப் பாரத்தை நோயாளியின் மேல் இறக்கிவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தையல் பிரிந்து சீழ் வைத்தால், வீட்டில் சுத்தமாக இல்லை, சொன்னபடி குளிக்கவில்லை என்று தாயைத்தான் முதலில் குறை சொல்கிறார்கள்.

உள்ளே நடப்பது

நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும் கர்ப்பப்பையின் உட்சுவரில் அது ஒட்டியிருந்த இடம் முழுவதும் திறந்த புண்ணாக இருக்கிறது. நஞ்சுக்கொடியின் அகலம் சுமார் 20 செ.மீ. அந்தப் பரப்பில் அறுந்த ரத்தக் குழாய்கள் வாய் திறந்திருக்கும். பனிக்குடம் உடைந்த பிறகு நேரம் கடந்துகொண்டே போனால், உள்பரிசோதனைகள் அதிகமானால், நஞ்சுக்கொடியைக் கைவிட்டு எடுக்க நேர்ந்தால், கிருமி மேலேறும் வாய்ப்பும் அதிகம். சிசேரியன் என்றால் ஆபத்து பல மடங்கு. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். ஆகவே, இது நமக்குப் பக்கத்து மாநிலத்துப் பிரச்சினை இல்லை.

உலக அளவில் பிரசவத்தை ஒட்டிய தாய் இறப்புகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குத் தொற்றே காரணம். ரத்தப்போக்கும் ரத்தக் கொதிப்பும் முன்னால் நிற்கின்றன. ரத்தப்போக்கு கண் முன்னே, நிமிடங்களில் கொல்லும். பிரசவ அறையே ஓடிவரும். தொற்று அப்படியல்ல. பிரசவம் பார்த்தவரின் கண்ணுக்கு அது தெரிவதேயில்லை. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் வரும்போது தாய் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். தன் கையால் நேர்ந்தது என்ன என்று அந்த நர்ஸுக்கோ மருத்துவருக்கோ தெரிய வழியே இல்லை. கை கழுவும் பழக்கம் நிலைக்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்க முடியாது.

சிசுவின் கதையும் இதனோடு பின்னியிருக்கிறது. டெல்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளம் குழந்தைகளைக் கண்காணித்த ஆய்வு 2016இல் வெளியானது. ரத்தத்தில் தொற்று கண்ட குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு அது பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தது. அதிகம் காணப்பட்ட கிருமி அசினெட்டோபாக்டர், அடுத்தது கிளெப்சியெல்லா. ஆஸ்பத்திரிகளில் குடியிருந்து, பல மருந்துகளுக்கு மசியாமல் பழகிவிட்ட கிருமிகள் இவை. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைக்கு இவை எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி, பிரசவ அறைக்கும் அதை ஒட்டிய சிசு வார்டுக்கும்தான் நம்மை அழைத்துப் போகிறது.

குழாய் எங்கே இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் சுகாதார நிலையங்களில் ஏறக்குறைய பாதியில் அடிப்படைக் கைச்சுத்த வசதி இல்லை என்றது. நோயாளியைத் தொடும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் அல்லது ஆல்கஹால் திரவமும், கழிப்பறையில் தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த அடிப்படை. அதிகமாக எதையும் கேட்கவில்லை.

வசதி இருக்கும் இடத்திலும் என்ன நடக்கிறது? மூன்று மேசைகள் உள்ள பிரசவ அறையில் ஒரே குழாய், அதுவும் மூலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணுக்குக் குழந்தையின் தலை தெரிகிறது. அடுத்த மேசையில் இருப்பவர் கத்துகிறார். பணியில் இருப்பவர் ஒரே நர்ஸ். அவர் மூலைக்குப் போய், 40 முதல் 60 நொடி முறைப்படி கை கழுவி, உலரவிட்டுத் திரும்பி வருவார் என்று எதிர்பார்ப்பது அவரைப் புரிந்துகொள்ளாத பேச்சு. அவர் கிளவுஸை மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கையும் வந்துவிடும். ஆனால், கழுவாத கை பெட்டிக்குள் நுழைந்து எடுத்த கிளவுஸின் மேற்புறம் அப்போதே அழுக்கு. அதை அணிந்த கை விளக்கைத் திருப்பும், கட்டில் கம்பியைப் பிடிக்கும், திரையை இழுக்கும், கேஸ் ஷீட்டைப் புரட்டும். பிறகு அதே கிளவுஸோடு உள்பரிசோதனை. ஜான்சிபாரின் பிரசவ வார்டுகளில் நூற்றுக்கணக்கான செயல்களை உட்கார்ந்து கவனித்த ஆய்வாளர்கள் இதைத்தான் கண்டார்கள். தூய்மை மிக அவசியமான செயல்களுக்கு முன் கை கழுவியது கால்வாசித் தடவைதான். கழுவி, கிளவுஸ் போட்டு, அதன்பின் வேறெதையும் தொடாமல் தாயைத் தொட்டது பத்தில் ஒரு தடவை. கிளவுஸ் காப்பது பெரும்பாலும் அணிந்தவரைத்தான். தாயைக் காக்க வேண்டுமானால் அதை அணியும் கையும், அணிந்த பிறகு அந்தக் கை போகும் பாதையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

தேவையில்லாத உள்பரிசோதனையைக் குறைப்பதே பாதித் தீர்வு. இயல்பாகப் போகும் பிரசவத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்னால் பார்த்தவர் கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதியிருந்தால் அடுத்தவர் மறுபடி கைவைக்க வேண்டியதில்லை. ஒரே பெண்ணிடம் வரிசையாக மாணவர்கள் கற்றுக்கொள்ளும் வழக்கத்தைக் கல்லூரிகள் நிறுத்தியே ஆக வேண்டும். அந்தப் பெண்ணின் சம்மதத்தை மதிப்பது ஒரு காரணம். அவர் உயிர் இன்னொரு காரணம்.

இன்னொரு தடை, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஆயா நர்ஸிடம் சொல்ல முடியாது. நர்ஸ் மருத்துவரிடம் சொல்ல முடியாது. பட்ட மேற்படிப்பு மாணவர் தன் பேராசிரியரிடம் சொல்லவே முடியாது. 'கை கழுவலீங்களே டாக்டர்' என்ற மூன்று சொல் நம் ஆஸ்பத்திரிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய துடுக்காகப் பார்க்கப்படுகிறது. மேசையையும் ரப்பர் ஷீட்டையும் ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் துடைத்தெடுக்கும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரைத் தொற்றுத் தடுப்புக் கூட்டத்துக்கு எத்தனை இடங்களில் அழைக்கிறார்கள்? குளோரின் கரைசலை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? பிரசவ அறையின் தூய்மை பெரும்பகுதி அவர் கையில் இருக்கிறது. சம்பளமும் மரியாதையும் மட்டும் கடைசியில் வருகின்றன.

மாற்றியவர்கள்

ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் டிடியே பிட்டே என்ற மருத்துவர் 1990களில் ஒன்றைக் கவனித்தார். குழாயடிக்கு நடந்து போய்க் கழுவ ஊழியர்களுக்கு நேரமே இல்லை. ஆகவே, ஆல்கஹால் திரவத்தைக் கட்டில் பக்கத்திலும் சட்டைப் பையிலும் கொண்டுவந்து வைத்தார். நான்கு ஆண்டுகளில் கைச்சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதமானது. ஆஸ்பத்திரித் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 ஆனது. எத்தனால், கிளிசரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, சுத்தமான தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து எந்த மருத்துவமனையும் தானே தயாரித்துக்கொள்ளும் செய்முறையை உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. 20 முதல் 30 நொடி தேய்த்தால் போதும். ஆனால், கையில் ரத்தமோ பனிக்குட நீரோ பட்டிருந்தால் திரவம் போதாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். பிரசவ அறையில் அது அடிக்கடி நேர்வதால் குழாயும் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

பயிற்சி கொடுத்தாலே போதும் என்பவர்கள் உத்தரப் பிரதேசத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 120 மருத்துவமனைகளில், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தாய்-சேய்களை உள்ளடக்கி நடந்த பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. பாதி இடங்களில் பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, அருகிலிருந்து எட்டு மாதம் பழக்கினார்கள். பயிற்சியாளர் அடிக்கடி வந்த காலத்தில் முறையான செயல்கள் 72.8 சதவீதம் நடந்தன; அவர் வருகை நின்றபின் 61.7 ஆகக் குறைந்தன. பட்டியல் இல்லாத இடங்களைவிட இது மேல்தான். ஆனால், தாய் சேய் இறப்பில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இதை வைத்துக் கை கழுவிப் பயனில்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் தாளால் ஆள் பற்றாக்குறையையும் மருந்துப் பற்றாக்குறையையும் ஈடுகட்ட முடியாது என்பதே அதன் பொருள்.

2025இல் மலாவி, உகாண்டா நாடுகளின் 59 மருத்துவமனைகளிலிருந்து வந்த முடிவு நம்பிக்கை தருகிறது. கைச்சுத்தத்தை மட்டும் தனியாகப் பிரசங்கம் செய்யாமல், தொற்றைத் தடுத்தல், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தல், கண்டுபிடித்த கையோடு சிகிச்சை தொடங்குதல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டி, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கணக்கைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி செய்தார்கள். கடுமையான தொற்றும் அதனால் நேரும் இறப்பும் சேர்ந்த எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம்மைவிட வசதி குறைந்த நாடுகள் அவை.

மாத்திரையே போதுமே என்ற வாதமும் எழுந்திருக்கிறது. பிரசவ வலியின்போது ஒரு வேளை அசித்ரோமைசின் கொடுத்தால் தாய்க்குக் கடும் தொற்றோ இறப்போ 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைகிறது என்று 2023இல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. பெலகாவியும் நாக்பூரும் அதில் இருந்தன. நல்ல செய்திதான். ஆனால், சிசுவுக்கு அதனால் பலன் இல்லை. ஏற்கெனவே மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிய வார்டுகளில் கையைக் கழுவாமல் மாத்திரையை நம்பினால், இன்று காக்கும் மருந்து நாளை காக்காது.

பச்சை உடம்புக்காரி வீடு திரும்பிய பின்

சுகப்பிரசவமானால் 48 மணி நேரம் வைத்திருந்து அனுப்ப வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். அதற்குப் பிறகு வரும் காய்ச்சலை வீட்டில் பெரியவர்கள் 'பால் கட்டிய காய்ச்சல்' என்று சொல்லிவிடுவார்கள். பால் கட்டினால் உடம்பு லேசாகச் சுடுவது உண்மைதான், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அடிவயிறு வலித்தால், கழிவு நாற்றமடித்தால், நெஞ்சு படபடத்தால், அது பால் காய்ச்சல் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆபத்து 42 நாள்வரை உண்டு.

தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். அந்த அன்பை யாரும் பழிக்க முடியாது. அந்த விரல்தான் பயமுறுத்துகிறது. பெரியவரின் ஆசி குழந்தைக்குச் சேரட்டும். வாய்க்குள் முதலில் போவது சீம்பாலாக இருக்கட்டும். நேபாளத்தின் தென்பகுதியில், பெரும்பாலும் வீட்டில் பிறந்த 23,000க்கும் அதிகமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. குழந்தையைத் தொடும் முன் கை கழுவுவதாகச் சொன்ன தாய்மார்களின் குழந்தைகளிடையே இறப்பு 44 சதவீதம் குறைவு. பிரசவம் பார்த்தவர் கை கழுவியிருந்தால் 19 சதவீதம் குறைவு.

தமிழ்நாட்டில் தாய் இறப்பு ஒவ்வொன்றும் ஆராயப்படுகிறது. அந்த நல்ல மரபு சாவோடு நின்றுவிடுகிறது. சாகாமல், சீழோடும் காய்ச்சலோடும் போராடி, கடன் வாங்கித் தனியாரிடம் ஊசி போட்டுத் தேறிய பெண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் பெற்ற பிரசவ அறைக்கு அவரைப் பற்றிய சேதி திரும்பிப் போவதே இல்லை. அதற்கான கம்பி ஏற்கெனவே இழுத்துக் கிடக்கிறது. கர்ப்பம் பதிவானதும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பிக்மி (PICME) என்ற அரசுப் பதிவு எண் தரப்படுகிறது. கிராம சுகாதார செவிலியர் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். அவர் நிரப்பும் பதிவில் 42 நாளுக்குள் காய்ச்சல் வந்ததா, தையலிலோ வயிற்றுக் காயத்திலோ சீழ் வைத்ததா என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்து, பதிலைப் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியின் பெயரோடு இணைக்கலாம். அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் ஒவ்வொரு பிரசவ அறையின் எண்ணிக்கையும் மாதந்தோறும் அந்த அறையின் மருத்துவர், நர்ஸ், ஆயா, துப்புரவுப் பணியாளர் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். பிறகு அதே எண்ணிக்கை, பெண்கள் உள்ளே நுழையும் வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.